வாத்துக்கு வீடு கேட்டவர் தப்பினார், வரியைக் கூட்டி எழுதியவர் சிறைக்குப் போனார்: என்ன கணக்கு இது?

அரைக்கை_சட்டை:

2009-ல் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் செலவுக் கணக்கில் மாட்டிக்கொண்ட விவகாரத்தை இப்போதுதான் உட்கார்ந்து முழுசாகப் படிக்கிறேன். டெலிகிராப் பத்திரிகை அந்த ஆண்டு மே 8-ம் தேதி ஆரம்பித்து வாரக்கணக்கில் தினமும் யாராவது ஒருவர் மானத்தை வாங்கியிருக்கிறது. பீட்டர் விக்கர்ஸ் என்ற எம்.பி. தன் வீட்டுக் குளத்தில் வாத்துகள் தங்க ஒரு மிதக்கும் கூண்டு வாங்கிய 1,645 பவுண்டைக் கணக்கில் எழுதியிருக்கிறார் (அந்தத் தொகையை நாடாளுமன்றச் செலவு அலுவலகம் கொடுக்கவில்லை). டக்ளஸ் ஹாக் என்பவர் கிராமத்து மாளிகையைச் சுற்றி ஓடும் அகழியைத் தூர்வாரிய செலவைச் சேர்த்திருக்கிறார். அகழி! எந்த நூற்றாண்டில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அதற்குச் சில வாரம் முன்பு, உள்துறை அமைச்சராக இருந்த ஜாக்கி ஸ்மித்தின் கணக்கில் அவர் கணவர் பார்த்த ஆபாசப் படங்களுக்கான கட்டணமும் ஏறியிருந்தது வெளியே வந்திருக்கிறது.

இவர்களில் ஒருவர் மீதும் கிரிமினல் வழக்கு இல்லை. ஆனால் எரிக் இல்ஸ்லி என்ற பார்ன்ஸ்லி எம்.பி., கவுன்சில் வரியை (நம் ஊர் வீட்டு வரி போல) கட்டியதைவிட அதிகமாகக் காட்டி மூன்று ஆண்டில் 14 ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேலே வாங்கினார் என்று 12 மாதம் சிறை. தாமஸ் லெக் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி பழைய பில்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஏறக்குறைய 390 முன்னாள், இந்நாள் எம்.பி.க்கள் மொத்தம் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சொன்னார். ஆனால் அந்தக் காலக் கணக்குகளுக்காகச் சிறைக்குப் போனவர்களை எண்ணினால் ஐந்து எம்.பி., இரண்டு பிரபு (மேல்சபை உறுப்பினர்), மொத்தம் ஏழு பேர்தான்.

கோடு எங்கே கிழித்தார்கள்? தொகையை வைத்தா, கட்சியை வைத்தா? இல்லை, மக்கள் கோபம் அடங்க நாலைந்து பேரைப் பலி கொடுத்துவிட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பற்றுவரவு:

தொகையை வைத்து இல்லை நண்பரே, காகிதத்தை வைத்துத்தான். நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன், அதனால் இந்த வழக்குகளை அப்போதே ஒன்று விடாமல் படித்தேன்.

முதலில் அந்த இரண்டாம் வீட்டுப் படி (அலவன்ஸ்) எப்படி இயங்கியது என்று பாருங்கள். தொகுதி ஓர் இடம், நாடாளுமன்றம் லண்டனில், ஆக எம்.பி.க்கு இரண்டு வீடு தேவை என்று 1971-ல் ஒரு படி கொண்டுவந்தார்கள். விவகாரம் வெடித்த சமயத்தில் அது ஆண்டுக்கு 24 ஆயிரம் பவுண்ட் வரை வளர்ந்திருந்தது. சம்பளம் சுமார் 64,700. சம்பளத்தை ஏற்றினால் வாக்காளர்கள் கத்துவார்கள், அதனால் எந்த அரசும் ஏற்றப் பயந்தது, அந்தக் குறையைப் படியில் சரிக்கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு புரிதல் சத்தமில்லாமல் உருவாகிவிட்டது. மாதம் 400 பவுண்ட் வரை சாப்பாட்டுச் செலவுக்கு ரசீதே வேண்டாம். மற்ற செலவுகளிலும் 250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ரசீது வேண்டாம், 2008-ல்தான் அதை 25 ஆக இறக்கினார்கள். சமையலறைக்கு எவ்வளவு தரலாம், சோஃபாவுக்கு எவ்வளவு தரலாம் என்று ஜான் லூயிஸ் கடை விலையைப் பார்த்து அதிகாரிகள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதை எம்.பி.க்களுக்கே காட்ட மாட்டார்கள், காட்டினால் எல்லோரும் உச்சவரம்பிலேயே வந்து நிற்பார்கள் என்ற பயம்!

இதில் பெரிய பணம் போனது வாத்துக் கூண்டில் இல்லை. எது இரண்டாம் வீடு என்று எம்.பி.யே எழுதிக் கொடுக்கலாம், அதை மாற்றிக்கொண்டே இருக்கலாம். இந்த வருடம் லண்டன் ஃப்ளாட் இரண்டாம் வீடு, அதைப் புதுப்பித்து முடித்ததும் ஊர் வீடு இரண்டாம் வீடு, அதற்கும் கூரை, சுவர், தோட்டம். வீட்டை விற்கும்போது அதே வீட்டை வரித்துறையிடம் முதல் வீடு என்று சொல்லி மூலதன ஆதாய வரியையும் தவிர்க்கலாம். ஹேசல் பிளியர்ஸ் என்ற அமைச்சர் பிறகு 13,332 பவுண்ட் காசோலையை டிவி கேமரா முன்னால் தூக்கிக் காட்டினாரே, அது இந்த வகை. அசிங்கம்தான், ஆனால் அவர்கள் கொடுத்த பில் உண்மையான பில், அதிகாரி பார்த்து அனுமதித்தது. பொய்க் கணக்கு எழுதுதல் என்ற குற்றத்துக்கு (1968 திருட்டுச் சட்டம், 17-ம் பிரிவு, அதிகபட்சம் 7 ஆண்டு) நேர்மையின்மையை நிரூபிக்க வேண்டும். விதி இடம் கொடுத்தது, அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்று எதிர்த்தரப்பு சொன்னால் நடுவர் குழு முன்னால் வழக்கு நிற்காது.

சிறைக்குப் போனவர்களின் காகிதங்களைப் பாருங்கள். டேவிட் சேட்டர், லண்டனில் தன் சொந்த ஃப்ளாட்டில் இருந்துகொண்டே, மகளைக் குடும்பப் பெயர் இல்லாமல் வீட்டுக்காரர் என்று காட்டி வாடகை ஒப்பந்தம் தயாரித்து, கிட்டத்தட்ட 13 ஆயிரம் பவுண்ட் வாடகை வாங்கினார். அம்மாவின் வீட்டுக்கும் வாடகை கொடுத்ததாக 5 ஆயிரத்துச் சொச்சம். குடும்பத்தாரிடம் வாடகைக்கு இருந்தால் தர மாட்டோம் என்று விதி தெளிவாகவே இருந்தது. எலியட் மார்லி முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர், அடைத்து முடித்த வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டுவதாகக் காட்டி, மொத்தம் 30 ஆயிரத்துக்கு மேல். ஜிம் டிவைன் செய்யாத துப்புரவு வேலைக்கும் அச்சடிக்காத தாளுக்கும் போலி பில், 8 ஆயிரத்துச் சொச்சம். இல்ஸ்லியும் இந்த ரகம்தான், வரி எவ்வளவு கட்டினார் என்பது கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறது, இவர் எழுதிய எண் வேறு. வாதாட ஒன்றும் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம் ஊர் ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்காக மார்ச் மாதம் பத்திரப் பேப்பரில் மாமனார் பெயரில் ரசீது தயார் செய்கிறவர்களுக்கு சேட்டர் கதை நன்றாகவே புரியும். பெரிய ஃப்ளாட் எடுத்து வரம்பு முழுக்க வாங்குகிறவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இல்லாத வீட்டுக்கு ரசீது எழுதுகிறவர்தான் மாட்டுவார், தொகை சின்னதாக இருந்தாலும்.

---

திண்ணைக்_குசும்பன்:

விதியை எழுதியது யார்? எம்.பி.க்கள். விதிப்படிதானே வாங்கினேன் என்று சொன்னது யார்? அதே எம்.பி.க்கள். இதில் போலி பில் போட வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. முறைப்படி வாங்கவே இவ்வளவு வழி இருக்கும்போது இந்த ஏழு பேரும் சோம்பேறிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

---

லூட்டன்_வாசி:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக லூட்டனில் இருக்கிறேன். எங்கள் தெற்குத் தொகுதிக்கு அப்போது மார்கரெட் மோரன்தான் எம்.பி. பற்றுவரவு அவர்கள் அவரை விட்டுவிட்டார், தொகையைப் பார்த்தால் அவருடையதுதான் எல்லாரையும் விடக் கூட. பொய்க் கணக்கு 53 ஆயிரம் பவுண்டுக்கு மேல். அதில் 22,500 பவுண்ட் சவுதாம்ப்டனில் இருந்த ஒரு வீட்டில் மரம் உக்கிப்போனதைத் திருத்த. லூட்டன் எங்கே, சவுதாம்ப்டன் எங்கே? நடுவில் நூறு மைல் கிட்ட. தொகுதியிலும் இல்லை, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலும் இல்லை. இந்தச் செய்தி வந்த கிழமை கடை, கோயில், பஸ் ஸ்டாப் எங்கே நின்றாலும் இதே கதைதான். எங்கட ஆட்கள் வழமையாக இந்த நாட்டு அரசியலைப் பெரிசாகக் கதைக்க மாட்டார்கள், அந்த நேரம் எல்லாரும் கதைத்தார்கள்.

அவருக்குச் சிறை இல்லை. மனநல வைத்தியர்கள் அவர் வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று சொன்னதால், 2012 நவம்பரில் ஜூரி அவர் அந்தச் செயல்களைச் செய்தாரா இல்லையா என்பதை மட்டும் தீர்மானித்தது. செய்தார் என்று முடிவு வந்தது. ஆனால் சட்டப்படி அது குற்றவாளி என்ற தீர்ப்பு ஆகாது. இரண்டு வருட மேற்பார்வையும் சிகிச்சையும் என்று உத்தரவு. தப்பிவிட்டார் என்று சிலர் நினைப்பார்கள் என்று நீதிபதியே சொன்னார். எனக்கு அதில் கோபம் இல்லை, வருத்தம்காரரை மறியலில் போட்டு என்ன காண்பது. அந்த 22,500-க்குக் கையெழுத்து வைத்து அனுப்பின அலுவலகத்தில் ஒருவரும் வரைபடத்தைப் பார்க்கவில்லையா என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

இன்னொன்று. 2010 தேர்தலில் எஸ்தர் ரான்ட்சன் என்ற பெரிய டிவி பிரபலம் இந்த ஊழலை எதிர்த்து எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். வீடு வீடாக வந்தார், ஆட்கள் கூட நின்று படம் எடுத்தார்கள். கட்டுப்பணம் (டெபாசிட்) போய்விட்டது. வென்றது மோரனின் அதே லேபர் கட்சி, ஆள் மட்டும் வேறு. மக்கள் கோபம், மக்கள் கோபம் என்கிறோமே, அதன் அளவு அவ்வளவுதான்.

---

அரைக்கை_சட்டை:

பற்றுவரவு சார், லூட்டன் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. நான் படித்த கட்டுரையில், நாடாளுமன்றச் சலுகை இருப்பதால் கோர்ட் எங்களைத் தொடவே முடியாது என்று இவர்கள் வாதாடியதாக ஒரு வரி போகிற போக்கில் வந்தது. அது உண்மையா? செலவு ஃபார்முக்குமா சலுகை?

---

வாய்தா:

உண்மைதான், சட்டம் படித்தவர்களுக்கு இந்த முழு விவகாரத்தில் அதுதான் ருசியான பகுதி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 பிப்ரவரி 5-ல் சேட்டர், மார்லி, டிவைன் மூன்று பேர் மீதும், ஹானிங்ஃபீல்ட் என்ற கன்சர்வேடிவ் பிரபு மீதும் வழக்கு என்று அறிவித்தார்கள். அறிவித்தவர் அப்போது அரசு வழக்குகளின் தலைமை இயக்குநராக இருந்த கியர் ஸ்டார்மர், ஆமாம், 2024-ல் பிரதமர் ஆனாரே அவரேதான். லேபர் அரசு ஆளும்போது மூன்று லேபர் எம்.பி.க்கள் மீது வழக்கு, எனவே கட்சி பார்த்தார்கள் என்ற சந்தேகம் அங்கேயே அடிபடுகிறது.

மூன்று எம்.பி.க்களும் எடுத்த ஆயுதம் 1689-ம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 9-ம் பிரிவு. நாடாளுமன்றத்தில் பேசுவதையும் அதன் நடவடிக்கைகளையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். மன்னர் எதிர்ப்பேச்சு பேசிய உறுப்பினர்களைப் பிடித்து உள்ளே போட்ட காலத்துக்கு எழுதிய பாதுகாப்பு. இவர்கள் அதை எடுத்து, செலவு க்ளைம் கொடுப்பதும் நாடாளுமன்ற நடவடிக்கையே, அதை விசாரிக்க வேண்டியது சபைதான், ஜூரி இல்லை என்றார்கள். சவுத்தார்க் கிரவுன் கோர்ட்டில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், கடைசியில் உச்ச நீதிமன்றம். 2010 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தள்ளினார்கள். விவாதம், வாக்கெடுப்பு, குழுக் கூட்டம், இவைதான் அந்தப் பிரிவு காக்கும் மையம், சம்பளப் பிரிவில் ஃபார்ம் நீட்டுவது அதில் வராது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. அடுத்த மாதமே சேட்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஜனவரியில் 18 மாதம். டிவைன் ஜூரியிடம் போய்த் தோற்று 16 மாதம், மார்லி ஒப்புக்கொண்டு அவருக்கும் 16.

நம் நாட்டிலும் இதே மோதல் வேறு உருவத்தில் நடந்தது. சபையில் வாக்களிக்கப் பணம் வாங்கிய எம்.பி.க்களுக்கு அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது என்று 1998-ல் நரசிம்ம ராவ் வழக்கில் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சீதா சோரன் வழக்கில்தான் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் தூக்கிப் போட்டது. லஞ்சத்துக்குச் சலுகை இல்லை என்று சொல்ல நமக்கு 26 வருடம் ஆனது. அவர்களுக்கு முதல் கோர்ட்டிலிருந்து கடைசி வரை ஓர் ஆண்டுக்குள் முடிந்தது.

இல்ஸ்லி விஷயத்தில் ஒரு நுணுக்கம். அப்போதைய சட்டப்படி ஓர் ஆண்டுக்கு *மேல்* தண்டனை பெற்றால்தான் எம்.பி. பதவி தானாகப் போகும். அவருக்குக் கிடைத்தது சரியாக 12 மாதம். தீர்ப்புக்கு முன்பே ராஜினாமா செய்திருக்காவிட்டால், சட்டம் அவரைச் சபையிலிருந்து தானாக வெளியேற்றியிருக்காது.

---

பற்றுவரவு:

வாய்தா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இது எதுவுமே வெளியே வராமல் போயிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தில் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2008 மே மாதம் உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அதற்கு முன்பே 2007-ல், நாடாளுமன்றத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு மசோதாவைக் கீழ்சபையில் நிறைவேற்றியே விட்டார்கள், மேல்சபையில் அதைக் கொண்டுபோக ஒரு பிரபுகூடக் கிடைக்காததால் செத்தது. அதற்குப் பிறகு சபை தானே வெளியிடுகிறேன் என்று கருப்பு மை அடிக்க உட்கார்ந்தது. அந்த வேலை நடக்கும்போதுதான் முழுக் கணக்கும் ஒரு டிஸ்க்கில் டெலிகிராப் கைக்குப் போய்விட்டது.

2009 ஜூன் 18-ல் சபை வெளியிட்ட அதிகாரபூர்வ பிரதியில் முகவரி எல்லாம் கருப்பு. முகவரி இல்லாவிட்டால் எந்த வீடு எப்போது இரண்டாம் வீடானது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? வீட்டு விலாசம் என்பது அந்தரங்கம், பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் முழு மோசடியும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. தணிக்கையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த வரியை மறைக்கச் சொல்கிறார்களோ அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

---

அரைக்கை_சட்டை:

சரி, கடைசியாக ஒன்று. அதற்குப் பிறகு திருந்தினார்களா? அப்புறம் நம் ஊரில் இப்படிப் பயணப்படி, செலவுப் பில் விஷயத்தில் எம்.பி. யாராவது தண்டனை வாங்கியிருக்கிறார்களா?

---

வாய்தா:

நம் ஊரில் உண்டு. பீகாரைச் சேர்ந்த அனில் சஹானி, ராஜ்யசபா எம்.பி.யாக இருந்தபோது போகாத விமானப் பயணத்துக்குப் போலி டிக்கெட், போலி போர்டிங் பாஸ் கொடுத்து 23.71 லட்சம் ரூபாய் க்ளைம் செய்தார் என்று சி.பி.ஐ. வழக்கு. 2022 செப்டம்பரில் மூன்று ஆண்டு தண்டனை. அப்போது அவர் குர்ஹனி தொகுதி எம்.எல்.ஏ., இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் பதவி போகும் என்பதால் அதுவும் போய் இடைத்தேர்தல் வந்தது. பாருங்கள், இங்கேயும் காகிதம்தான்.

பிரிட்டனில் 2010 முதல் எம்.பி.க்கள் கையில் இல்லாத ஒரு தனி அமைப்பு கணக்குப் பார்க்கிறது. 2015-ல் இன்னொரு சட்டம் வந்தது, செலவுக் கணக்கில் பொய் சொல்லித் தண்டனை பெற்றால் தொகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுப் பதவியைப் பறிக்கலாம். 2019-ல் வேல்ஸில் கிறிஸ் டேவிஸ் என்ற எம்.பி.க்கு அது நடந்தது. அலுவலகச் சுவரில் மாட்ட ஒன்பது புகைப்படம், 700 பவுண்ட். அந்தச் செலவு அவருக்குக் கிடைக்கக் கூடியதுதான். ஒரு தலைப்பில் பணம் போதவில்லை என்று இரண்டு போலி பில்லாகப் பிரித்து இரண்டு தலைப்பில் போட்டார், அவ்வளவே. 1,500 பவுண்ட் அபராதம், 50 மணி நேரம் சமூகப் பணி, கிட்டத்தட்ட 19 சதவீத வாக்காளர் கையெழுத்து. அவர் கட்சி அவரையே மறுபடி நிறுத்தியது, தோற்றார்.

பிறகு ஜாரெட் ஓமாரா என்ற ஷெஃபீல்ட் முன்னாள் எம்.பி., இல்லாத ஓர் அமைப்பின் பெயரில்கூட பில் அனுப்பியவர், 2023-ல் நான்கு ஆண்டு. அந்தத் தனி அமைப்பு சந்தேகப்பட்டு அந்த பில்களுக்குப் பணமே கொடுக்கவில்லை. பழைய அலுவலகமாக இருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

---

திண்ணைக்_குசும்பன்:

ஹானிங்ஃபீல்ட் பிரபுவை யாரும் முழுசாகச் சொல்லவில்லையே, எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். எசெக்ஸில் இருக்கும் தன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு, லண்டனில் இரவு தங்கினேன் என்று படி வாங்கியவர். அப்படி லண்டனில் தங்கியதாக எழுதிய ஓர் இரவில் மனிதர் இந்தியாவுக்கு வரும் விமானத்தில் இருந்திருக்கிறார். 2011-ல் ஒன்பது மாதம் போட்டார்கள், ஒன்பது வாரத்தில் வெளியே வந்து மேல்சபைக்கே திரும்பினார். அப்போது அங்கே வந்தால் ஒரு நாளைக்கு 300 பவுண்ட் படி. ஒரு பத்திரிகை பின்னாலேயே போய்ப் பார்த்தால், பல நாள் 40 நிமிடம்கூட உள்ளே இருக்காமல் வந்த கையோடு கிளம்பியிருக்கிறார்.

---

லூட்டன்_வாசி:

ஓம், அந்த 40 நிமிடக் கதைக்காக அவர் மேல் இரண்டாவதாக ஒரு வழக்கு வந்ததே, அது என்ன ஆனது? மேல்சபை அவரை இடைநிறுத்தினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

---

வாய்தா:

2016 ஜூலையில் விசாரணை தொடங்கும்போதே முடிந்துவிட்டது. எது நாடாளுமன்ற வேலை, எது இல்லை என்று சொல்லும் அதிகாரம் சபைக்கு மட்டுமே என்று நாடாளுமன்றத்தின் வழக்கறிஞர்கள் வந்து சொன்னார்கள், அரசுத் தரப்பு சாட்சியம் எதுவும் வைக்காமல் பின்வாங்கியது, நீதிபதி விடுவிக்கச் சொன்னார். சேட்டர் வழக்கில் அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் திறந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தூங்கினார் என்பதை ஜூரி விசாரிக்கலாம், அந்த 40 நிமிடத்தில் வேலை செய்தாரா என்பதை விசாரிக்க முடியாது.